எல்லா வீட்டுக்கும் அதே கேள்வி

"பேரும் சொல்ல முடியாது, ஊரும் சொல்ல முடியாது. நீ போலாம்மா."

திலகவதி ஃபைலை மூடினார். திருவள்ளூரில் தத்துப் பதிவேடுகளுக்குப் பொறுப்பான அதிகாரி. விதி எண்ணைச் சொன்னார், உட்பிரிவையும் விடவில்லை.

எதிரே, குழந்தையிலேயே தத்துப்போன ஜெனிபர். தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை, மூன்று மாத வயிறு.

"பெத்தவங்கள பாக்கணும்னு ஆசதான் மேடம். அதுகூட வாணாம். எனக்கு ரெண்டு தபா தங்கல. உங்க அம்மாவுக்கும் இப்டி ஆச்சான்னு டாக்டர் கேக்குறாரு. நான் இன்னா சொல்றது?"

"தன்னப் பத்தி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு உன்னப் பெத்தவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. அவ்ளோதான்."

ஜெனிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"கல்நெஞ்சு" என்று முணுமுணுத்தார் கிளார்க் அரசப்பன். முணுமுணுப்புக்குக் கொஞ்சம் சத்தம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேறு பேஜாரு. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு தெரு. நாற்பது வீட்டிலும் பெண்கள் உடல்நலக் கணக்கெடுப்பு. கறிக்குழம்பை விட்டுவிட்டு மேடத்தோடு வெயிலில் நடந்தார்.

"கேட்டு வந்த பொண்ணுக்கு ஒரு வார்த்த இல்ல. கேக்காதவங்க சுகரெல்லாம் எழுதிக்கினு இருக்கோம்!"

திலகவதி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

இருபத்து மூன்றாவது வீடு. வாசலில் கணவர் பைக் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பிரசவம்மா?"

"ரெண்டு."

"தங்காம போனது?"

அந்த அம்மாளின் பார்வை, திலகவதியின் கழுத்து அட்டையில் 'குழந்தைகள்' என்ற சொல்லில் நின்றது.

"இதெல்லாம் எதுக்கு மேடம்?"

"பொண்ணுங்க முழுகாம இருந்தா, அம்மா உடம்பப் பத்தி டாக்டர் கேப்பாரில்ல? அதுக்குத்தான். எல்லா ஊட்லயும் கேக்குறோம்."

"அப்டி ஒண்ணும் இல்ல."

திலகவதி அப்படியே எழுதிக்கொண்டார்.

பத்தடி நடந்திருப்பார்கள். பின்னாலேயே அந்த அம்மாள் ஓடிவந்தாள், கையில் சொம்பு.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க மேடம்!" என்றாள் உரக்க. சொம்பை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினாள். "பிரசவம் மூணுன்னு எழுதிக்குங்க. மொதல் கொழந்தைக்கு அப்பறம் ரெண்டு தங்கல. கர்ப்பப்பை வாயில தையல் போட்டுத்தான் மத்தது ரெண்டும் நின்னுது. அவகிட்ட சொல்லிடுங்க. பேரு மட்டும் வாணாம்... நல்லா இருக்காளா?"

"இருக்கா."

சொம்பை வாங்கிக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அரசப்பனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. குரலில் இப்போது மரியாதை.

"வந்த வேலை முடிஞ்சிடுச்சே, கெளம்பலாமா மேடம்?"

"இதோட நிறுத்துனா, இந்த ஊட்டுக்குத்தான் வந்தோம்னு தெருவுக்கே தெரிஞ்சிடாதா? நடங்க சார், இன்னும் பதினேழு ஊடு இருக்கு."