இடது முன் சக்கரம்

உக்கடத்துச் சந்துக்குள் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. காரின் இடது முன் சக்கரம் காற்றுப் போய்ச் சப்பையாகக் கிடக்கிறது. அதற்கு நேர் மேலே, முன் சீட்டில், ஆல்வின் உட்கார்ந்திருக்கிறான். வாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன அவனை எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தூக்கி உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவன் மனைவி மெர்சி சக்கரத்தைப் பார்த்தாள். பின் சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக்கொடுத்தாயிற்று. ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டுகளைத் தளர்த்தியும் ஆயிற்று. ஜாக்கிதான் பாக்கி. ஆள் உள்ளே இருக்க வண்டியைத் தூக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஆர்.எஸ்.புரம் டாக்டரோ மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார். எந்த வீட்டிலோ குக்கர் விசிலடிக்கிறது. சந்தில் ஓர் ஆளையும் காணோம்.

"ஏனுங்க, யாராச்சும் வரட்டுங்க. இறக்கி உட்கார வெச்சுட்டு மாத்திப்போடலாம்."

"வேண்டாம் அம்மணி. நான் கனமில்லாம இருந்துக்கறேன். நீ தூக்கு."

இடது கையால் கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, அவன் தன்னையே மேலே இழுக்கிறான். நல்ல காலும் தரையை விட்டு எழும்புகிறது. கழுத்து நரம்பு புடைத்துத் துடிக்கிறது. கண்ணாடியில் தொங்கும் சிலுவை மெல்ல ஆடுகிறது.

"வண்டி மேல வருதா, மெர்சி?"

"வருதுங்க," என்கிறாள், சக்கரத்தருகே உட்கார்ந்தபடி.

ஜாக்கி அவள் மடியில் கிடக்கிறது.