போகாத நிழல்

"ஏட்டி கோமு, பொண்ணு நாற்காலியில செத்த உக்காரு. லைட்டு சரியா இருக்கான்னு பாத்துக்கிடுதேன்."

"படமா எடுக்கப் போறீங்க?"

"லைட்டுக்குத்தான். பாத்துட்டு அழிச்சிருவேன்."

கல்யாணமான புதிதில், கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் அவனும் அவளும் பேசிக்கொண்டது. அப்புறம் அதைப் பேச வேண்டியே இருக்கவில்லை. எந்த மண்டபமானாலும் மணப்பெண் வருவதற்கு முன்னால் கோமு போய் உட்காருவாள். அவன் எடுப்பான், பார்ப்பான், அழிப்பான். அவள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பதற்குள் கேமராத் திரை காலியாகியிருக்கும்.

இன்றைக்கும் உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவிலில் ஒரு மண்டபம், மாலை வரவேற்பு.

"அண்ணே, அண்ணிய இன்னும் எத்தன தடவ கல்யாணப் பொண்ணாக்குவீங்க?" என்றான் வீடியோக்காரன்.

கோமு சிரித்தாள்.

பெண்ணுக்குக் கழுத்து நிறைய நகை என்று சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் படத்தில் தங்கம் வெளுத்துவிடும்.

"முந்தானைய எறக்கு. கழுத்து தெரியணும்."

கொஞ்ச நாளாகவே அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறாள். ஏசி குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்திருந்தான்.

அவள் யோசித்தாள்.

இறக்கினாள்.

எடுத்தான்.

இடது பக்கம், தாடைக்குக் கீழே ஒரு நிழல்.

குடை விளக்கை நகர்த்தி வைத்தான். நிழல் இருந்தது.

வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை அவள் மடியில் சாய்த்து, கீழிருந்து வெளிச்சம் வரும்படி செய்தான். நிழல் மேலே ஏறிக்கொண்டது. போகவில்லை.

"கழுத்த நேரா வையி."

"நேராத்தான் இருக்கேன்."

வெளிச்சத்தைக் கூட்டினான். முகம் வெளுத்தது. பின்னாலிருந்த பூ அலங்காரமெல்லாம் வெளுத்தது. அது மட்டும் அப்படியே இருந்தது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தான்.

நிழல் இல்லை. வீக்கம். நெல்லிக்காய் அளவு.

ஊரார் வீட்டுப் பெண்களின் மூக்குத்திக்கெல்லாம் விளக்கைத் திருப்பி வைத்தவன் அவன். இவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் நேற்று ராத்திரியும் சாப்பிட்டான்.

கிட்டே போனான். தொட்டான்.

கல் மாதிரி இருந்தது.

"எப்பமிருந்துட்டி?"

"ரெண்டு மாசமாச்சு." ஊரில் யாருக்கோ வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க. நல்ல கட்டி இல்லையாம். வர்ற வாரம் ஆபரேசன். இந்த முகூர்த்தமெல்லாம் முடியட்டும், பொறவு சொல்லுவோம்னு இருந்தேன்."

அவன் மறுபடியும் கேமராத் திரையைப் பார்த்தான்.

யாரோ நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டார்கள். பெண் கிளம்பிவிட்டாள், பெண் கிளம்பிவிட்டாள் என்று ஒரு குழந்தை கத்திக்கொண்டே ஓடியது.

அவன் கட்டைவிரல் பழக்கத்தில் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

கோமு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனையோ மண்டபங்களில், இந்த நாற்காலியிலிருந்து எழுந்து வரும்போதெல்லாம், அவள் கேட்க வாயெடுத்ததும் கேட்காமல் போனதும் அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஏங்க."

"ம்."

"கத்தி வைக்கதுக்கு முந்தி, எனக்குன்னு ஒரு படம் எடுத்துத் தாங்க."