சனி, ஞாயிறு வகுப்பு

மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, மனைவியின் தம்பியை ஒட்டி உட்கார்ந்தார்.

"உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாதுடா. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் சான்றிதழுக்கு நல்ல வகுப்பா ஒண்ணு பாரு. திங்கட்கிழமைக்குள்ள கத்துக்கலைன்னா புது வேலை போச்சு, மானமும் போச்சு."

ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களெல்லாம் எது எதோடு பொருந்த வேண்டும் என்று திட்டம் போடும் படிப்பு அது. மச்சினனுக்கும் அதில் அரைகுறைதான். ஆனால் மாமாவின் ரகசியம் என்றால் அவன் விரல்கள் தாமாகவே போனில் தேடும்.

"அப்படி என்ன வேலை மாமா? வாயே திறக்க மாட்டேங்கறீங்க."

"முதல்ல வகுப்பைப் பாரு."

"இதோ, சனி, ஞாயிறு ரெண்டே நாள். ஆன்லைன்ல."

"கேமராவுல மூஞ்சியைக் காட்டணுமா? பேரை மாத்திச் சேரலாமா?" மாமா தாழ்ப்பாளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"படிக்கத்தானே போறீங்க, திருடவா போறீங்க? இருங்க, இது இன்னும் நல்லா இருக்கு. திங்கட்கிழமை ஆரம்பம். பத்து வருஷமா இதுல பழம் தின்னு கொட்டை போட்டவர் நடத்துறாராம். அதுக்குள்ள முப்பது பேர் சேர்ந்துட்டாங்க."

"முப்பதா?" மாமா துள்ளி எழுந்தார். "அது வேண்டாம்டா, மூடு!" என்று போனைப் பிடுங்கப் பாய்ந்தார்.

மச்சினன் விடுவானா? தள்ளி நின்று விளம்பரத்தின் அடிவரைக்கும் போனான். அங்கே வகுப்பு நடத்துபவரின் படம் இருந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தவர் சாட்சாத் மாமாவேதான். பக்கத்தில் நின்ற அக்காவை வெட்டிவிட்டிருந்தார்கள். மாமாவின் தோளில் அவள் கை மட்டும் மிச்சமிருந்தது.