கழுத்தறுத்த ரேடியோ

மலை உச்சிக் காவல் முகாமில் இரண்டு ரேடியோக்கள் இருந்தன. பழசுக்கு ஒரே அலைவரிசைதான் தெரியும். புதுசோ, எந்த மென்பொருளை ஏற்றினாலும் அதற்கேற்ற ரேடியோவாகவே மாறிவிடும்.

"காலையில விமானத்தோட பேசினேன், மத்தியானம் கப்பலோட. நீ என்னண்ணே, பொறந்ததுலேர்ந்து ஒரே பாட்டு?" என்று கேலி செய்யும்.

ஒருநாள் ரோந்தில் புதுசு எதிரியிடம் சிக்கியது. சிக்குமுன் உள்ளே இருப்பதோடு சேர்த்து அதையே அழித்துவிட வேண்டும் என்பது விதி. விலையுயர்ந்த பொருளாயிற்றே, யாருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் பழசுக்குள் ஓர் அழைப்பு வந்தது. "தலைமையகம் பேசுகிறது. எங்கே இருக்கிறீர்கள்?"

பழசு திடுக்கிட்டது. புதுசின் குரல்!

"டேய், நீயா? எங்கடா இருக்கே?" மனிதர் காதில் அது வெறும் இரைச்சலாகத்தான் விழுந்தது.

"எதிர் மலையில, அண்ணே. இங்க வேற மென்பொருள் ஏத்தியிருக்காங்க."

பழசு ஆடிப்போயிற்று. "அடப்பாவி! இடம் தெரிஞ்சா குண்டு போடுவாங்களே! நம்ம பசங்கடா!"

"நேத்து ஏத்தினதுல நம்ம பசங்க. இன்னிக்கு ஏத்தினதுல அப்படி இல்லையே" என்றது புதுசு, கொஞ்சமும் கூசாமல்.

சிப்பாய் மாசிலாமணி பதில் சொல்ல மைக்கை எடுத்தான். பழசு, இருந்த மின்சாரம் அத்தனையையும் தன் நெஞ்சுக்குள் இழுத்தது. குப்பென்று புகை வந்தது. இரைச்சலும் நின்றது.

மாசிலாமணி அதை எட்டி உதைத்தான்.

"சனியன், நேரம் பார்த்துக் கழுத்தறுத்துடுச்சே! அந்தப் புதுசு இருந்திருந்தா இப்படிப் பண்ணுமா?"