ஆறு முழம்

செங்கல் சூளையில் மூன்று வயதுப் பெண்ணைக் கம்பத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று யாரோ போன் செய்ததால், குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து எஸ்தர் ஜீப்பில் வந்திருந்தாள். செங்கல் அறுத்துக்கொண்டிருந்த குழந்தையின் அம்மா பச்சையம்மா கைச்சேற்றோடு எழுந்து வந்தாள். "பெரியவன் போன வருசம் மண்ணு மிதிக்கிற குழியில வுழுந்து செத்தான் மேடம். இவளயும் வுடச் சொல்றீங்களா?" குழந்தையின் காலைக் கம்பத்தோடு கட்டியிருந்த ஆறு முழப் புடவைக் கிழிசலின் முடிச்சை எஸ்தரே அவிழ்த்தாள். குழந்தை சந்திரியின் கணுக்காலில் வளையமாகத் தழும்பு இருந்தது. அவிழ்த்த பிறகும் அவள் கம்பத்தைச் சுற்றித் தான் தேய்த்த வட்டத்திலேயே நடந்தாள். சூளைப் புகைக்குள் மறைந்தாள், மறுபக்கம் வந்தாள், மறுபடி மறைந்தாள். வட்டத்துக்கு வெளியே நின்று எஸ்தர் பிஸ்கட்டை நீட்டியபோது, தடத்தின் ஓரத்தில் நின்று கையை மட்டும் நீட்டினாள். "அவளுக்கு அவ்ளோ தூரந்தான் தெரியும்" என்றாள் பச்சையம்மா. "குழந்தைகள் நலக் கமிட்டி முன்னாடி கொண்டு போகணும்மா. நீங்களும் வாங்க" என்றாள் எஸ்தர். "நான் வந்தா இந்தக் கல்ல உங்க ஆபீசுலயா அறுக்கிறது? எப்பத் திருப்பிக் குடுப்பீங்க, அதச் சொல்லுங்க." எஸ்தர் குழந்தையைத் தூக்கி ஜீப்பில் உட்கார வைத்தாள். பச்சையம்மா கிழிசலை உதறி மகளின் மடியில் போட்டாள். "இது இல்லாம தூங்க மாட்டா." சந்திரி ஒரு முனையைத் தன் காலில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை ஜன்னல் வழியாக அம்மாவிடம் நீட்டினாள். பச்சையம்மா பிடித்துக்கொண்டாள். டிரைவர் சாவியில் கை வைத்தபடி எஸ்தரைப் பார்த்தார்.