கலப்படம்

வேரோடு பிடுங்கிய களைச்செடியை உரக்கடை மேசைமேல் தூக்கிப் போட்டான் அந்த விவசாயி.

"இந்தத் தடவையும் சாகல. இதை மருந்துன்னு சொல்லித்தான் விக்கிறியா?"

வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. இதே மருந்தைத்தான் பக்கத்து வயல்காரரும் வாங்குகிறார், அங்கே களை கருகிவிடுகிறதே என்றார். அவன் காதில் வாங்கவில்லை.

அவனும் எத்தனையோ மருந்து மாற்றிவிட்டான். புது மருந்து அடித்தால் முதல் வருஷம் களை கொஞ்சம் வாடி நிமிரும். அடுத்த வருஷம் வாடக்கூட வாடாது. இப்போது கோதுமையை விட அது உயரம். வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதன் தலைதான் தெரிந்தது. விற்றுத் தொலைக்கலாம் என்றால், நிலம் பார்க்க வந்தவர் காரை விட்டே இறங்கவில்லை.

அண்ணன் திடீரென்று போன பிறகு தலையில் விழுந்த நிலம். விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கழுத்துவரை புதைத்துவிட்டு மூச்சு விடு என்று சொன்ன மாதிரி இருந்தது அவனுக்கு.

வேலையில் அவன் குறை வைத்ததில்லை. மனைவியும் அப்படித்தான். பிள்ளைகள் கை வைத்துவிடக் கூடாதென்று மருந்தறைச் சாவியை அவளே வைத்திருந்தாள். தெளிக்கிற அன்று காலையில் கேனின் மூடியைத் திறந்து கொண்டுவந்து வைப்பாள். அவன் லேபிளில் போட்ட அளவைத் துல்லியமாக ஊற்றுவான்.

கடைக்காரரே வேளாண் அதிகாரியை வரவழைத்தார். அந்த அம்மா, இவன் வயல் களையையும் பக்கத்து வயல் களையையும் தனித்தனித் தொட்டியில் முளைக்கவைத்து, தானே மருந்து கலந்து அடித்துப் பார்த்தார். பக்கத்து வயல் செடி சுருண்டு விழுந்தது. இவன் வயல் செடி ஜம்மென்று நின்றது.

"நீங்க இதுவரைக்கும் வாங்காத மருந்தைக்கூட இது தாங்குதுங்க," என்றார் அதிகாரி. "வருஷக்கணக்கா அரைகுறையா மருந்து விழுந்தா இப்படி ஆகும். கொஞ்சம் தாங்குற செடி பொழைச்சு விதை விடும். அந்த விதை இன்னும் கொஞ்சம் தாங்கும். நீங்க அளவைக் குறைச்சீங்களா?"

"ஒரு சொட்டு குறைச்சதில்லம்மா."

இனி மருந்தை நம்பிப் பயனில்லை, சில வருஷம் பயிரை மாற்றிப் போட்டு, களை விதை விடுவதற்குள் பிடுங்கிப் பிடுங்கித்தான் குறைக்கவேண்டும் என்று அவர் சொன்னது அவன் காதில் பாதிதான் விழுந்தது. தன் அளவு சரி. அப்படியானால் மருந்தில்தான் கோளாறு. ஊருக்கெல்லாம் நல்லதைக் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் கலப்படம் செய்திருக்கிறான் கடைக்காரன்.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றினான். போலீசில் புகார் கொடுக்கப் போகிறேன், அந்த ஆள் கடையை இழுத்து மூடவைக்காமல் ஓயமாட்டேன் என்றான். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலை மறித்து நின்றாள்.

"போகாதீங்க. அவர் மேல தப்பில்ல."

"அவனுக்கு நீ ஏன் பரிஞ்சு பேசுற?"

அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் மருந்தைக் குடிச்ச மாதிரி நீங்களும் குடிச்சிடுவீங்களோன்னு பயந்து, எல்லாக் கேன்லயும் நான்தாங்க தண்ணி கலந்தேன்."