முன்னுக்கு இழுத்த சீட்

பெரிய மோட்டார்ஹோமை விற்றுவிட்டு, நிரந்தரமாகக் குடியிருக்கச் சின்னக் கேம்பர் வானொன்று தேடி, லண்டன் எட்மண்டனில் வான் விற்கும் இடத்துக்கு வந்திருந்தார்கள் கிறிஸ்துராஜாவும் மனைவி டொலறஸும்.

உள்ளேயிருந்த கட்டிலையோ சமைக்கும் குசினியையோ கிறிஸ்துராஜா எட்டியும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வானிலும் ஏறி, டிரைவர் சீட்டை நன்றாக முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தார். கடைசி வானில் அந்த நெட்டை மனிதரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"இதையே எடுப்பம்."

டொலறஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுக்கென்ன விசரே? கால் நீட்டவே ஏலாது. ஸ்கொட்லாந்து வரைக்கும் எப்பிடி ஓடுவியள்?"

"பெரிசெண்டால் நீ தொடமாட்டாய். இது சின்னன், உனக்குப் பெடலும் எட்டும்."

"எனக்கேன்?"

"இனி வான் ஓடக்கூடாதெண்டு கண் டொக்டர் சொல்லிட்டாரப்பா."

இறங்கி, சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, மற்றப் பக்கம் போய் ஏறினார்.

டொலறஸ் ஸ்டியரிங்கின் முன் ஏறி உட்கார்ந்தாள். சீட் அவளுக்கு அளவாக இருந்தது.